மண்ணுக்குள் ஒரு மந்தை

தை மாதத்தில் காவிரிப் படுகையின் ஊர்களில் நடக்கும் ஒரு விதைப்பு, புதிதாகப் பார்ப்பவருக்கு வியப்பைத் தரும். வயலில் நெல் இன்னும் நிற்கும். கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கும். அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கையில், உழவர் அந்த நெற்பயிருக்குள்ளேயே இறங்கி, உளுந்தைக் கைநிறைய அள்ளித் தெளித்துக்கொண்டே நடப்பார். ஏர் இல்லை, அடியுரம் இல்லை, தனியே பாய்ச்சும் நீரும் இல்லை. மண்ணில் மீந்திருக்கும் மெழுகுப் பதம், விடியற்காலைப் பனி, இவ்வளவே அந்த விதைக்கு முதல். நெல் அறுபட்டபின் அரிதாள்களுக்கிடையே உளுந்து தலையெடுக்கும். ஏறத்தாழ 70 நாளில் காய் முற்றிவிடும். நெல் தரிசு உளுந்து என்று வேளாண் துறையினர் இதனை அழைக்கின்றனர்.

ஐந்து மாதம் நெல் உண்டு முடித்த நிலத்தில், அடியுரமும் இடாமல், அடுத்த பயிர் எதை உண்டு வளர்கிறது? இவ்வினாவுக்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பூக்கும் தறுவாயில் உள்ள உளுந்துச் செடி ஒன்றை, வேர் அறுபடாதபடி சுற்றிலும் மண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். வேரெங்கும் கடுகளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்நிறம் தெரியும். இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. நம் குருதிக்கு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒன்றே அந்தச் சிவப்புக்கும் காரணம். அதை நான் முதன்முதலில் கண்டபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. உழவர் குடியில் பிறந்தவன் அவ்வளவு காலம் அதைப் பாராமல் இருந்தது வெட்கத்துக்குரியது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

அம்முடிச்சுகளுக்குள் குடியிருப்பவை ரைசோபியம் எனப்படும் பாக்டீரியாக்கள். பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பதை உலகெங்கும் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஏன் என்பதுதான் தெரியாதிருந்தது. 1886இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ரீகல், தம் துணைவர் வில்ஃபார்த்துடன் செய்த ஆய்வுகளின் முடிவை வெளியிட்டார். பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் துணையால் பெறுகின்றன என்பது அந்த முடிவு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இவ்வுறவின் அருமையை உணர, காற்றின் இயல்பைச் சற்று நினைவுகூர வேண்டும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். நம் உழவர் தழைச்சத்து என்று அழைப்பதன் மூலப்பொருள் இதுவே. ஒவ்வொரு செடியும் இந்தக் கடலில் மூழ்கியே நிற்கிறது. ஆயினும் அதில் ஒரு துளியையும் தானாக எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. நைட்ரஜன் மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பால் இறுகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுத்தவர் கார்ல் போஷ். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்றும் அம்முறைக்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கையும் கடந்த அழுத்தமும் வேண்டும். அதே வேலையை, உளுந்தின் வேரில் உள்ள பாக்டீரியா தை மாதக் குளிரில் ஓசையின்றிச் செய்கிறது. செடி அதற்கு ஈடாகத் தான் இலையில் சமைத்த சர்க்கரையைத் தருகிறது. கொடுக்கல் வாங்கல் இங்கே மிகத் துல்லியமானது. செடிக்கு வேறிடத்திலிருந்து தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அது முடிச்சுகளைப் பேணுவதைக் குறைத்துக்கொள்ளும். இச்செய்தியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியுள்ளது.

ரைசோபியம் பயறுவகைக் குடும்பத்தோடு உறவு கொண்டது. நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களுக்கு வேறு துணைகள் உண்டு. அசோஸ்பைரில்லம் அவற்றின் வேரோரத்தில் வாழ்ந்து சிறிதளவு தழைச்சத்தை ஈட்டித் தருவதோடு, வேர்கள் கிளைத்துப் பரவத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. நீர் நிற்கும் நெல்வயலின் வளம் நீலப்பச்சைப்பாசிகளால் காக்கப்படுகிறது என்பதை நம் நாட்டு அறிவியலாளர் பி. கே. டே 1939இல் எடுத்துக்காட்டினார். குளத்தில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மிதக்கும் அசோலாவின் இலைக்குழிகளுக்குள்ளும் அத்தகைய பாசியொன்று குடியிருக்கிறது. கடலோர மணலில் எருவின்றி ஓங்கி வளரும் சவுக்கின் வேரிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றில் இருப்பது ஃபிராங்கியா என்னும் வேறு இனம்.

தழைச்சத்தைப் போலவே மணிச்சத்துக்கும் காவலர்கள் இருக்கின்றனர். மணிச்சத்தின் கதை சற்று வேறுபட்டது. நாம் இடும் மணிச்சத்து உரத்தில் ஒரு சிறு பங்கையே அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்து, கைக்கெட்டாத புதையலாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பாஸ்போபாக்டீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரந்து அப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. மணிச்சத்து உரம் செய்யத் தேவையான பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பகுதியை நாம் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் கடந்து வாங்கியதை மண்ணுக்குள் பூட்டிவைத்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு மீண்டும் வாங்குகிறோம்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேர்ப்பூஞ்சைதான். 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் இவ்வுறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். பூஞ்சை என்றவுடன் நோய் என்றே நாம் நினைக்கிறோம். இந்தப் பூஞ்சையோ வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து மரம்போல் கிளைத்து நிற்கும். வெளிப்பக்கம் மயிரினும் மெல்லிய இழைகளை மண்ணெங்கும் நீட்டும். வேர் புக முடியாத நுண்துளைகளுக்குள்ளும் அவ்விழைகள் புகுந்து, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் நீரையும் கொண்டுவந்து சேர்க்கும். வேரின் நீளத்தைப் பன்மடங்கு ஆக்கிக் கொடுப்பது போன்றது இப்பணி. நிலத்தில் வாழும் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இப்பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்தே வாழ்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலும் அவற்றின் தடயம் காணப்படுகிறது. செடிகள் நீரை விட்டுக் கரையேறிய காலத்திலேயே இந்த நட்பு தொடங்கிவிட்டது. உழவு மிகுந்தால் இவ்விழைகள் அறுபடும். நிலம் நெடுநாள் வெறுமையாகக் கிடந்தால் உணவின்றிக் குறையும். கடுகு, முட்டைக்கோசுக் குடும்பத்தினர் போன்ற சிலர் இந்நட்பில் சேர்வதில்லை.

நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை, நிலக்கடலைக்கு வேரழுகல் கொணரும் பகைப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றி வளைத்து உண்டுவிடும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் நெல்லின் குலைநோய் முதலியவற்றுக்கு எதிராகப் பயிரைத் தாங்கி நிற்கிறது. ஒரு கிலோ விதைக்கு முன்னதை 4 கிராமும் பின்னதை 10 கிராமும் கலந்து விதைக்குமாறு நம் மாநில வேளாண் வல்லுநர்கள் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகின்றனர்.

இத்தனை துணைகள் இருந்தும், இவற்றைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக வானொலியிலும் வயல்விழாக்களிலும் பேசியும், நம் உழவர்களில் பலர் ஏன் இன்னும் யூரியா மூட்டையையே நம்பி நிற்கிறார்கள்? அறியாமை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அக்கூற்றை நான் ஏற்கவில்லை. என் சித்தப்பா மூன்று ஏக்கர் நிலத்தில் நெல்லும் உளுந்தும் பயிரிடுகிறவர். உயிர் உரம் இட்டதுண்டா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "போன வருசம் போட்டேன் தம்பி. போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை. கறுப்பு மண்ணைக் காசு கொடுத்து வாங்குன மாதிரிதான்" என்றார். அவர் ஒதுக்கியது கேள்விப்பட்டதை வைத்தன்று. காசு கொடுத்து வாங்கி, வயலில் இட்டு, பலனைக் கண்ணால் பார்த்தபின் ஒதுக்கினார். அறிவியலாளர் செய்வதும் அதுதானே?

அவர் அப்பொட்டலங்களை வாங்கிய கடைக்கு நானும் பின்னொரு நாள் போனேன். சித்திரை மாதம். தகரக் கூரையின்கீழ், வாசலோரம், வெயில் நேரே விழும் அலமாரியில் பூச்சிமருந்துப் புட்டிகளுக்கு அருகே உயிர் உரப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. கையில் எடுத்தபோது சூடாக இருந்தன. கடைக்காரரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சிமெண்டு, கம்பி, உரம் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். இது மட்டும் உயிருள்ளது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுதான்: நுண்ணுயிர் உரம் ஒரு சரக்கு அன்று, அது கால்நடை. யூரியா மூட்டையை மூன்றாண்டு அறையில் வைத்திருந்தாலும் அது யூரியாவாகவே இருக்கும். பசுவை அப்படி வைத்திருக்க முடியுமா? சந்தையில் பசுவை வாங்கும் உழவர், அது உயிரோடு, நோயின்றி இருக்கிறதா என்று பல்லைப் பிடித்துப் பார்ப்பார். வீட்டுக்கு ஓட்டிவரும் முன்பே கொட்டிலுக்கும் வைக்கோலுக்கும் ஏற்பாடு செய்திருப்பார். நுண்ணுயிர்களுக்கோ நாம் இவ்விரண்டையுமே செய்வதில்லை. உயிரோடு வாங்குகிறோமா என்பதும் தெரியாது. உயிரோடு வந்தவற்றுக்கு உணவு வைத்திருக்கிறோமா என்பதையும் நினைப்பதில்லை. பின்னர் பலனில்லை என்று கைவிடுகிறோம்.

முதலில் உயிரோடு இருக்கும் செய்தியைப் பார்ப்போம். நம் நாட்டில் உயிர் உரங்கள் 2006ஆம் ஆண்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. அதன்படி பொடி வடிவ ரைசோபியத்திலோ அசோஸ்பைரில்லத்திலோ கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும். நீர்ம வடிவமாயின் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி. நல்ல வரையறை இது. ஆனால் இந்த எண்ணிக்கை ஆலையிலிருந்து வெளிவரும் நாளுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடக் கூடாது. உழவர் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளிலும் அது இருக்க வேண்டும். பொடிக்கு ஏறத்தாழ ஆறு மாதமே ஆயுள். நம் மாநிலத்தில் நுண்ணுயிர்களைத் தாங்கும் பொடியாக நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் பயன்பட்டு வந்துள்ளது. அந்தக் கறுப்புத்தூளில் ஈரம் இருக்கும்வரைதான் அவை வாழும். கத்திரி வெயிலில் கூரை காய்ந்து, ஈரம் வற்றினால் எஞ்சுவது நிலக்கரித் தூள் மட்டுமே. சித்தப்பா சொன்னது உவமையன்று. அப்பட்டமான உண்மையாகவே இருந்திருக்கலாம்.

இனி உணவுக்கு வருவோம். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு எக்டேர் நெல்வயலுக்கு 10 பொட்டலம், அதாவது 2 கிலோ அசோஸ்பைரில்லம் இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. கிராமுக்கு 5 கோடி வீதம் 2,000 கிராமுக்கு 10,000 கோடி உயிரணுக்கள். பெரிய படைதான் என்று தோன்றும். அந்த ஒரு எக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. அதாவது 200 கோடி கிராம். 10,000 கோடியை 200 கோடியால் வகுத்தால், ஒரு கிராம் மண்ணுக்கு நாம் அனுப்பியது வெறும் 50. வளமான ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு பெருநகரத்தில் ஐம்பது புதியவர்களை இறக்கிவிட்டது போன்றது இது. வீடும் இல்லை, வேலையும் இல்லையென்றால் அவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

அதனால்தான் நுண்ணுயிரை வயலெங்கும் வீசுவதைவிட வேருக்கு அருகில் சேர்ப்பது அறிவுடைமை ஆகிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, உளுந்து விதையின் மேல் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைப்பது அம்முறைகளில் ஒன்று. நெல் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைத்த நீரில் சிறிது நேரம் நனைத்து நடுவது மற்றொன்று. நிலத்தில் இட வேண்டுமானால் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து இட வேண்டும். கஞ்சியும் தொழுவுரமும் வெறும் ஒட்டுப்பொருள்கள் அல்ல. வழிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. இரசாயனப் பூஞ்சைக்கொல்லி கலந்த விதையோடு உடனே ரைசோபியத்தையும் கலப்பவர்கள், விருந்தினர் இலையில் சோற்றோடு நஞ்சையும் பரிமாறுகிறார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். நிலக்கடலைக்கு உரிய ரைசோபியம் சோயாவுக்கு உதவாது என்பதையும் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும். இவையெல்லாம் செலவில்லாத செய்திகள்.

செலவுள்ள செய்தி வேறு. நுண்ணுயிர்களுக்கு நாள்தோறும் வேண்டிய தீவனம் மண்ணிலுள்ள கரிமப்பொருள்தான். மண்வள அட்டையில் கரிமக் கார்பன் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதப்படும். நம் மாநிலத்து நிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சொல்லே எழுதப்படுகிறது. வெப்பமண்டலத்தில் கரிமம் விரைவில் எரிந்துவிடும் என்பது ஒரு காரணம். நாம் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருக்கிறோம் என்பது மற்றொன்று. முன்பு ஆடு, மாட்டுக் கிடைகள் வயலுக்கு வயல் மாறி அமர்ந்தன. ஆடிப்பெருக்குக்கு முன்பே தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் சணப்பையும் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதனர். இன்று அறுவடை இயந்திரம் போனபின் வைக்கோல் கட்டும் இயந்திரம் வருகிறது. உருளை உருளையாகச் சுருட்டப்பட்ட வைக்கோல் லாரியேறி வெளியூர் போகிறது. அதில் போவது மாட்டுத்தீவனம் என்று நாம் நினைக்கிறோம். மண்ணின் தீவனமும் அதோடுதான் போகிறது. உழவு என்னும் அதிகாரத்தில், உழுவதற்கும் மேலான இடத்தை வள்ளுவர் எருவிடுதலுக்குத் தந்திருப்பதை இன்று நுண்ணோக்கி வழியாகப் படித்தால் வேறொரு பொருளும் விளங்கும்.

யூரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45 கிலோ எடையுள்ள ஒரு யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதன் உண்மையான விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாக ஏற்கிறது. ஏழை உழவரின் சுமையைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் ஒரு பொருள் இவ்வளவு மலிவானால் அது அளவுக்கு மீறி இறைக்கப்படும். நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் பாதியைக்கூடப் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மீதி நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அல்லது காற்றில் கலக்கிறது. அப்படிக் கலப்பவற்றுள் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, புவியைச் சூடேற்றுவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வலிமை உடையது. இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செய்தி பயன்படுகிறது. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் பயறுச்செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கையால் ரைசோபியம் பொட்டலத்தையும் மறுகையால் கணக்கற்ற யூரியாவையும் நீட்டும் கொள்கை, தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்ளும்.

இதைப் படிப்பவர்கள், அப்படியானால் யூரியாவை இன்றே நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். என் விடை, கூடாது என்பதே. ஹேபரின் முறையில் விளைந்த உரம் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உணவூட்டுவதாக மதிப்பிடப்படுகிறது. அந்தக் கடனை மறந்து பேசுவது பசித்தவனை மறந்து பேசுவதாகும். அண்டை நாடான இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. மாற்று எருவுக்கும் பயிற்சிக்கும் காலம் தராமல் வந்த அந்த ஆணையால் நெல்லும் தேயிலையும் பெரிதும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்க நேர்ந்தது. நஞ்சில்லா உணவு வேண்டும் என்ற விருப்பம் தவறானதன்று. பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த மண், ஒரே பருவத்தில் பந்தி பரிமாறும் என்று எதிர்பார்த்ததே தவறு. மெலிந்து கிடக்கும் மாட்டை மறுநாளே ஏரில் பூட்டுவார் உண்டா?

மற்றொரு நாட்டின் செய்தியும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் 1924இல் பிறந்து, பிரேசிலில் குடியேறிய யோஹன்னா டோபெரைனர் என்னும் பெண் அறிவியலாளர், அசோஸ்பைரில்லத்தின் சிறப்பை உலகறியச் செய்தவர். பிரேசில் சோயா சாகுபடியைப் பெருக்கத் தொடங்கிய காலத்தில், தழைச்சத்து உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பியே சோயா இரகங்களை உருவாக்க வேண்டும் என்று அவரும் அவருடைய தோழர்களும் வாதிட்டனர். அவ்வாறே செய்யப்பட்டது. இன்று சோயா விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றான பிரேசில், அப்பயிருக்குத் தழைச்சத்து உரத்தை ஏறத்தாழ இடுவதே இல்லை. அந்நாட்டுக்குப் பெரும் அன்னியச் செலாவணி இதனால் மிஞ்சுகிறது. மண்ணுக்கு ஏற்ற பாக்டீரியா வகையைத் தேர்ந்தது, அதற்கு இசைந்த விதை இரகத்தை உருவாக்கியது, தரத்தைக் காத்தது ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் விளைந்த வெற்றி அது. நாம் மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முகம் பாராமல் நடத்துகிறோம்.

நான் வேண்டுவன பெரிய திட்டங்கள் அல்ல. உயிர் உரம் விற்கும் ஒவ்வோர் இடத்திலும் நிழலும் காற்றோட்டமும் உள்ள தனி இடம் கட்டாயமாக வேண்டும். பால் பொட்டலத்தில் நாள் பார்த்து வாங்கப் பழகியவர்கள் இதிலும் பார்த்து வாங்குவார்கள். நாள் கண்ணில் படும்படி அச்சிடப்பட்டிருந்தால் போதும். தர ஆய்வுக்கு மாதிரி எடுப்பவர்கள் ஆலையின் வாசலில் மட்டும் எடுக்காமல், கடையின் அலமாரியிலிருந்தும் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் எடுத்தால் இன்னும் நல்லது. பசுந்தாள் உர விதைக்கு அரசு தரும் மானியம் உரிய நேரத்தில், கோடை மழைக்கு முன்பே உழவரைச் சேர வேண்டும். மழை பெய்து ஓய்ந்தபின் வரும் தக்கைப்பூண்டு விதையால் யாருக்கும் பயனில்லை. மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளின் எண்களோடு, கரிமக் கார்பன் சென்ற முறையைவிட ஏறியதா இறங்கியதா என்பதையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும். என் கருத்தில் உழவருக்கு மிகவும் தேவையான எண் அதுதான்.

உழவரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வைக்கோல் முழுவதையும் விற்காமல் ஒரு பங்கையாவது வயலுக்கு விட்டுவைக்க வேண்டும். விற்றால் உடனே கையில் பணம் வரும் என்பதையும், கடன்காரர் வாசலில் நிற்கும்போது மண்ணின் பசியைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் மண்ணில் கரிமம் சேர்க்கும் உழவருக்கு நேரடியாகவே ஊக்கத்தொகை தர வேண்டும் என்று கருதுகிறேன். மூட்டைக்குத் தரும் மானியத்தில் ஒரு சிறு பகுதியை மண்ணுக்குத் திருப்பினாலே அது கைகூடும்.

மாணவர்களாகிய உங்களால் இப்போதே செய்யக்கூடியதும் உண்டு. பள்ளித் தோட்டத்தில் இரண்டு சிறு பாத்திகள் போதும். ஒன்றில் ரைசோபியம் பூசிய உளுந்து, மற்றொன்றில் பூசாதது. இரண்டுக்கும் ஒரே நாளில் விதைப்பு, ஒரே அளவு நீர். 35ஆம் நாள் பாத்திக்கு ஐந்து செடி எடுத்து, முடிச்சுகளை எண்ணி, பிளந்து, நிறத்தைக் குறித்துவையுங்கள். வேறுபாடு தெரியாமலும் போகலாம். அப்போது பொட்டலத்தின் நாளைப் பாருங்கள். அது இருந்த இடத்தை விசாரியுங்கள். அந்த மண்ணில் முன்பே ரைசோபியம் நிறைந்திருந்ததா என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

சென்ற ஆண்டு தை மாதம் நான் ஊருக்குப் போகும்போது, அந்த மாதமே தயாரான இரண்டு பொட்டலங்களை வேளாண் விரிவாக்க மையத்திலிருந்து நேரே வாங்கி, ஈரத்துணி சுற்றிய பையில் எடுத்துச் சென்றேன். சித்தப்பா சிரித்தார். ஆனாலும் சித்தி வடித்துத் தந்த கஞ்சியில் அதைக் கலந்து, திண்ணை நிழலில் சாக்கை விரித்து, உளுந்தை அவரே கையால் புரட்டிப் புரட்டி உலர்த்தினார். பாதி வயலுக்கு மட்டுமே கொடுத்தார். மீதிப் பாதியை வழக்கம்போலவே தெளித்தார். மாசி மாதக் கடைசியில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, இரண்டு பக்கமும் நாலு நாலு செடி பிடுங்கிப் பார்த்தேன். உன் பக்கத்துல முடிச்சு கொஞ்சம் அதிகம்தான். ஆனா என் பக்கத்துலேயும் உள்ளே சிவப்பாத்தான் இருக்கு. அது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அவர் வயலில் அவருக்கும் அவர் தந்தைக்கும் முன்பிருந்தே உளுந்து விளைந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கி, அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.